அழுகைக்கு இருபது நிமிடம்

சித்திரை பிறந்த மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, நாலாம் வாய்க்கால் உப்பளத்தின் ஓரத்து உடைமரத்தில் கட்டிய தூளிக்குள், தன் நாலு மாதப் பெண் எஸ்தர் வாயை அகலத் திறந்து, முகம் சிவந்து, இரண்டு காலையும் உதைத்து, கண்ணீர் காதுக்குள் வடிய அழுவதை ஜெபக்கனி பார்த்தாள். பார்த்தாளே தவிர, அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்க வந்தவள் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் காதுக்குள் விரலை விட்டுக் குடைந்தாள். பம்புசெட் ஓடுவது கேட்டது, சேலைத் தலைப்பு காற்றில் படபடப்பது கேட்டது, தொலைவில் கணக்கப்பிள்ளை பாலவேசம் யாரையோ வைவது வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. பிள்ளையின் வாய்க்குள் காதை வைத்தாள். வெதுவெதுப்பான மூச்சு வந்தது, பால் வாடை வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

மறுநாள் சந்தனமாரியின் பையனுக்கும் அப்படியே ஆயிற்று, அதற்கடுத்த நாள் இன்னும் நாலு பிள்ளைகளுக்கு ஆயிற்று, ஞாயிற்றுக்கிழமை முடிவதற்குள் உடைமரங்களில் தொங்கிய பதினேழு தூளிகளிலும் பதினேழு வாய்கள் திறந்து மூடின, ஒன்றிலிருந்தும் ஒரு சத்தமும் இல்லை.

வேறு ஊராக இருந்தால் இது பிள்ளைகளின் துயரம் என்பதோடு நின்றிருக்கும். நாலாம் வாய்க்காலில் அழுகை என்பது சட்டம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்தம் செய்து, இரண்டு பேரைப் பறிகொடுத்து, சங்கத்துத் தாசையா கம்பெனியிடம் எழுதி வாங்கிய ஒப்பந்தத்தில் ஏழாவது ஷரத்து இப்படிச் சொன்னது: தூளியில் கிடக்கும் குழந்தை அழுதால், தாய் வேலையை நிறுத்திவிட்டுப் போய்ப் பால் கொடுக்க இருபது நிமிடம், கூலிப் பிடித்தம் கிடையாது. பதினோரு தடவை சிறைக்குப் போய், இரண்டு கட்சிகளால் வெளியே தள்ளப்பட்டு, கடைசியில் சங்கக் கொட்டகையும் ஒரு சைக்கிளுமாக மிஞ்சிய தாசையாவுக்கு, தன் வாழ்க்கையில் தோற்காதது என்று காட்ட அந்த ஒரு ஷரத்துதான் இருந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொட்டகையில் மாட்டியிருந்தார். அந்த ஷரத்தினால் உப்பளத்துப் பெண்கள் கூப்பிடு தூரத்துக்கு அப்பால் பாத்தியில் குனிந்து உப்பு வாரும்போதே எது தன் பிள்ளையின் குரல் என்று பிரித்தறியப் பழகினார்கள். ஏமாந்துவிடக் கூடாதே என்று பாலவேசமும் பழகினான். "ஏட்டி, உக்காரு, அது உன் பிள்ள இல்ல, செல்லத்தாயி பிள்ள" என்று வரப்பில் நின்றபடியே சொல்லிவிடுவான், பத்துக்கு ஒன்பது தடவை அது சரியாகவும் இருக்கும்.

இப்போது அவன் சொன்னான்: "அழுகையும் இல்ல, பால் நேரமும் இல்ல."

"அழுவுதா, கண்ணால பாருங்க" என்றாள் ஜெபக்கனி.

"அழுதான்னு நீ சொல்லுத. வாயத் தொறந்துருக்குன்னு நான் சொல்லுதேன். கொட்டாவியும் வாயத் தொறந்துதான் விடுதாவ. ஷரத்துல என்ன எழுதிருக்கோ அதத்தான் நான் பாக்க முடியும். வேணும்னா ஒங்க அண்ணாச்சிகிட்ட போயிக் கேளு, எழுத்துன்னா எழுத்துதான்னு எனக்குப் படிச்சுக் குடுத்ததே அவர்தான்."

அது உண்மைதான். முன்பு கம்பெனி, முனகல் அழுகையாகாது என்று ஒரு தடவை வாதாடியபோது, எழுத்துக்கு எழுத்து நின்று அவர்களை ஓட ஓட விரட்டியவர் தாசையா. அந்தக் கயிறு இப்போது அவர் கழுத்துக்கே வந்திருந்தது.

சுகாதார நிலையத்து டாக்டர் பதினேழு தொண்டைகளுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது, சத்தம்தான் இல்லை என்றார். சாமியார் மந்திரித்த எண்ணெய் தடவினார், கோயில் பூசாரி திருநீறு போட்டார், பிள்ளைகள் எண்ணெயையும் திருநீறையும் ஒரே மாதிரி நக்கிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் அழுதன. வறுமைப்பட்ட வீட்டுக்குள் எந்த அதிசயம் வந்தாலும் ஒரு வாரத்துக்குள் அது இன்னொரு வேலையாகிவிடும், அப்படித்தான் ஆயிற்று. பிள்ளைகளின் காலில் கொலுசு கட்டினார்கள். தூளிக் கயிற்றில் கூழாங்கல் போட்ட பால்டப்பாவைத் தொங்கவிட்டார்கள். டப்பா குலுங்குகிறது என்று எழுந்து போனால், "டப்பாவுக்குப் பால் குடுக்கவா போற?" என்று பாலவேசம் மறித்தான். மார்பில் பால் கட்டி, ரவிக்கை நனைந்து, நனைந்த இடத்தில் உப்புக்காற்று பட்டு எரிய எரிய அவர்கள் உப்பு வாரினார்கள்; மத்தியானச் சோற்று மணி அடித்த பிறகு ஓடிப் போனால், பிள்ளைகள் அழுது ஓய்ந்து, உதடு காய்ந்து தூங்கியிருந்தன. எஸ்தரின் விலா எலும்புகளை ஜெபக்கனி ஒவ்வொன்றாக விரலால் தொட முடிந்தது.

மூன்றாவது வாரம் அமலியின் போன் வந்தது.

அமலி, அமலோற்பவம், ஜெபக்கனியின் புருஷனுக்குத் தங்கை. உப்பளத்துக் காலனியில் நர்ஸுக்குப் படித்த முதல் பெண். வருடத்தில் பாதி நாள் பனி பெய்கிற ஒரு நாட்டில் முதியோரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று கூப்பிட்டு அனுப்ப, போய் இரண்டு வருடமாயிற்று. அந்த நாட்டின் பெயர் காலனியில் யார் வாயிலும் நுழையாததால் எல்லோரும் அதை அமலி ஊர் என்றே சொன்னார்கள். அமலி ஊரில் பதினோரு வருடமாகப் பிள்ளையே பிறக்கவில்லை. அங்கே பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியாக இருந்த கட்டிடம்தான் அமலி வேலை பார்த்த முதியோர் இல்லம். பிரசவ அறை சாப்பாட்டுக் கூடமாகியிருந்தது. எதிரே இருந்த பள்ளிக்கூடத்தில் ஊன்றுகோல் விற்றார்கள். ஒரு தொடர்பு மட்டும் உண்டு: பனிக்காலத்தில் அந்த ஊர்ச் சாலைகளில் பனி இளகத் தூவுகிற உப்பு நாலாம் வாய்க்கால் உப்பு. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் விளக்கவில்லை, காலனியில் யாரும் கேட்கவும் இல்லை.

"மதினி, எஸ்தர் ஏன் இப்படி அழுவுதா? தூக்கக் கூடாதா?" என்றாள் அமலி.

"எவ சொன்னா உன்கிட்ட?"

"எவ சொல்லணும்? எனக்குக் கேக்குலா. சாப்பாட்டு ரூம்ல கேக்கு. மூணு வாரமா கேக்கு. மொதல்ல எனக்குத்தான் வீட்டு ஞாபகத்துல மண்டை கொழம்பிட்டுன்னு நெனச்சேன். பாத்தா கெழவன் கெழவி எல்லாரும் கரண்டியக் கீழ வச்சிட்டுக் கேட்டுட்டு இருக்காவ. செல்லத்தாயி பிள்ள கேக்கு, சந்தனமாரி பையன் கேக்கு, அவன் எப்பவும் மூச்சடச்சு ரெண்டு மூணு தடவையாத்தான அழுவான்? அப்படியே கேக்கு மதினி."

ஜெபக்கனி போனைப் பிடித்தபடி பாத்திக்குள் உட்கார்ந்துவிட்டாள். வாய் இங்கே, குரல் அங்கே.

தாசையாவிடம் ஓடிச் சொன்னபோது, அவர் வியக்கவில்லை. நாற்பது வருடமாக மேடை மேடையாக, இங்கே விளைவதெல்லாம் அங்கே போகிறது என்று பேசிப் பேசித் தொண்டை கட்டியவருக்கு இதுவும் போனது நியாயமாகவே பட்டது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவரிலிருந்த ஷரத்தை மூன்று தடவை வாசித்தார். பிறகு எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"குழந்தை அழுதால்னுதானட்டி எழுதிருக்கேன். எங்க கேக்கணும்னு எழுதலையே!"

வாய்க்கால் கரையில் கம்பெனி மேனேஜருக்கும் தாசையாவுக்கும் மூன்று மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் எழுத்து எழுத்துதான் என்று கம்பெனி ஒத்துக்கொண்டது. அன்று முதல், அமலி தன் சட்டைப்பையில் போனை வைத்துக்கொண்டு கிழவர்களுக்குக் கஞ்சி ஊட்டினாள். ஒரு குரல் எழும்பியதும் பாலவேசத்தைக் கூப்பிட்டுப் பெயரைச் சொல்லிப் போனை உயர்த்திப் பிடித்தாள். கடலும் மலையும் தாண்டி வந்த அந்த அழுகையைப் பாலவேசம் காதில் வாங்கி, தலையை ஆட்டி, "செல்லத்தாயி, எந்திரி" என்று கத்தினான். பெண்களுக்குச் சிரிப்புப் பொறுக்கவில்லை. "கணக்கப்பிள்ளைக்குச் சீமையில இருந்து போன் வருது, இனி நம்மகிட்டல்லாம் பேசுவாரா?" என்று வரப்புக்கு வரப்பு கேலி பறந்தது. எஸ்தரின் விலா எலும்புகள் திரும்பவும் சதைக்குள் ஒளிந்துகொண்டன. சித்திரையும் வைகாசியும் அப்படிப் போயின.

அந்த வைகாசியில் இரண்டு இடத்திலும் ஆள் கணக்கு எடுத்தார்கள். இங்கே வந்த அதிகாரி, சின்னக் குடும்பத்துப் படம் வரைந்த காலனிச் சுவரில் சாய்ந்து நின்று, பதினேழு தூளியையும் எண்ணிவிட்டு, "இத்தனை எதுக்கும்மா? நாடு தாங்குமா?" என்று ஜெபக்கனியைக் கேட்டார். அங்கே வந்த அதிகாரி சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பதினேழு குரல்களையும் எண்ணி, கண் கலங்கி, நம் மண்ணில் கேட்கிற குரல் நம் குடியின் குரல் என்று எழுதிக்கொண்டு போனார். ஒரே பிள்ளை இங்கே பாரம் என்று ஏறியது, அங்கே பெருக்கம் என்று ஏறியது. பெருக்கத்துக்கு அந்த ஊரில் வாணவேடிக்கை விட்டார்கள். பாரத்துக்கு இங்கே ஜெபக்கனி ஒரு துண்டுக் காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தாள், இனிமேல் பெறுவதில்லை என்று.

ஆனி மாதம் அமலி ஊரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்: ஓர் அதிகாரியும், எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு சீமாட்டியும். அவர்கள் கொடியவர்களாக இருந்திருந்தால் ஜெபக்கனிக்கு எளிதாக இருந்திருக்கும். அந்த அம்மாள் தூளி தூளியாகப் போய்க் குனிந்து பார்த்து, வாய் திறந்து அழுத எஸ்தரைக் கண்டதும், "இவளா? இவள்தானா?" என்று தன் பாஷையில் சொல்லி, முந்தானை இல்லாத கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கிழவிகள் பின்னி அனுப்பிய பதினேழு கம்பளித் தொப்பிகளைக் கொடுத்தாள். ஆனி வெயிலில் பெண்கள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள்.

கூட வந்த துபாஷி அதிகாரியின் பேச்சைத் தமிழில் சொன்னான்: "ஐயா ரொம்ப வருத்தப்படுறார். இப்பல்லாம் அழுகை ஆரம்பிச்ச அஞ்சு நிமிஷத்துல நின்னுடுதாம். முன்னால அரை மணி நேரம் கேட்குமாம். அதைக் கேட்டுத்தான் பெரியவங்க சாப்பிடவே செய்றாங்களாம். அதனால, பிள்ளைகளைத் தூக்குறதைக் கொஞ்சம் பிந்தித் தூக்க முடியுமான்னு கேட்கிறார்."

ஜெபக்கனிக்கு முதலில் புரியவில்லை. துபாஷி தப்பாகச் சொல்கிறான் என்று நினைத்தாள்.

"எவ்வளவு பிந்தி?" என்றாள்.

துபாஷி கேட்டுச் சொன்னான்: "உடம்புக்குக் கெடுதல் இல்லாத அளவுக்கு."

அந்த அம்மாள் எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்தாள், உண்மையான அன்போடு புன்னகைத்தாள், அதைக் கண்டு ஜெபக்கனி எஸ்தரைத் தூளியிலிருந்து தூக்கிக்கொண்டாள். சந்தனமாரிதான் கடைசியில் வாய் திறந்தாள்: "அவுக வீட்டுப் பிள்ளைய அவுக இப்படித்தான் போட்டு வளத்தாகளாமா? கேளு." துபாஷி அதைக் கேட்கவில்லை.

பெண்கள் முடியாது என்றார்கள். கம்பெனி முடியும் என்றது. உடைமர நிழல் போதாது என்று அதுவே கண்டுபிடித்து, அந்த நாட்டுக் கொடையில் அரை மைலுக்கு அப்பால், உப்பு அம்பாரங்களுக்குப் பின்னால், தகரக் கூரையும் மின்விசிறியும் போட்டு ஒரு பிள்ளைக்கூடம் கட்டி, பதினேழு தூளிகளையும் அங்கே மாற்றியது. அதைப் பார்த்துக்கொள்ள வைத்த ஆளுக்கு மற்ற வேலையும் கொடுத்தது. அதே வாரம் அமலியின் இல்லத்தில் புது விதி வந்தது: வேலை நேரத்தில் போன் பெட்டிக்குள் பூட்டப்படும், மீறினால் ஊருக்கு அனுப்பப்படுவாள். பாலவேசத்தின் போன் பேச்சடங்கிப்போனது. "அழுகை வரல. வந்தாச் சொல்லமாட்டேனா? நானும் பிள்ளை குட்டிக்காரன்தான்" என்றான் அவன், பெண்களின் முகத்தைப் பார்க்காமல்.

இது ஆடியில் நடந்தது. ஆடி ஏழாம் தேதி காலை பத்து மணிக்கு மின்சாரம் போயிற்று. தகரக் கூரை காய்ந்தது. பார்த்துக்கொள்கிற ஆள் லாரிக்குச் சீட்டு எழுதப் போயிருந்தான். லாரி அவசரத்தில் அன்று சோற்று மணியும் மூன்றுக்குத் தள்ளிப்போயிற்று. தூளிகளில் பதினாறு பிள்ளைகள் அழுது அழுது தூங்கின. சந்தனமாரியின் பையனுக்கு முந்தின நாளே காய்ச்சல், அவன் தூங்கவில்லை.

அமலி ஊரில் அவன் அழுகை விடிகாலையிலேயே தொடங்கிற்று. மூச்சடைத்து, நின்று, மீண்டும் எழுந்து, மீண்டும் நின்று. இத்தனை நீண்ட அழுகையை அவர்கள் கேட்டதில்லை. சக்கர நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்து கூடத்தில் நிறுத்தினார்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து மேல்கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார்கள். கையோடு கை கோத்து உட்கார்ந்து, இமை மூடிக் கேட்டார்கள். தொண்ணூறு வயதுக் கிழவி ஒருத்தி, இவ்வளவு உயிருள்ள ஒன்றைத் தான் சிறு வயதுக்குப் பிறகு கேட்டதே இல்லை என்றாள். அமலி மட்டும் நடுவில் நின்று, அது பசியில்லை, தாகம், தண்ணீர் கேட்கிறான், தண்ணீர் கேட்கிறான் என்று அவர்கள் பாஷையிலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கத்தினாள். பாவம், வீட்டு ஏக்கம் என்று அவளைத் தோளில் தட்டி ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இங்கே மணி இரண்டே கால் ஆனபோது, பெட்டியை நாற்காலியால் அடித்து உடைத்து அவள் போனை எடுத்தாள்.

"மதினி, ஓடு. சந்தனமாரி பையன் சத்தம் நின்னுட்டு. ஓடு மதினி."

பாத்தியில் நின்ற ஜெபக்கனி ஓடினாள். அவள் ஓடுவதைப் பார்த்து என்னவென்று தெரியாமலே சந்தனமாரி ஓடினாள். தகரக் கூரைக்குள் பதினாறு தூளிகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன.

அமலி ஊரில் மூன்று நாள் துக்கம் அறிவித்து, கொடியைப் பாதியில் பறக்கவிட்டு, குடிக் கணக்கில் ஒன்று குறைத்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. இங்கே பாரக் கணக்கில் ஒன்று குறைத்தார்களா என்பதே யாருக்கும் தெரியவில்லை. பாலவேசம் எழுத்து மூலம் விளக்கம் கொடுத்தான்: அழுகை எதுவும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்த சாயங்காலம் சங்கக் கொட்டகைக்கு ஜெபக்கனி போனபோது, தாசையா கண்ணாடிச் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினோரு சிறைக்கும் கலங்காத மனிதர்.

"என் எழுத்துதானட்டி கொன்னுது" என்றார்.

"சண்ட போட்டு வாங்குனது சரிதான் அண்ணாச்சி. அழுதாத்தான் பாலுன்னு எழுதினிய பாருங்க, அதுதான் தப்பு. அவன் அழுதப்புறம்தான் பெத்தவளுக்குத் தெரியணுமா? அப்ப எங்க யாரையும் கேக்கலியே."

"அன்னைக்கு மேடையில பொம்பளையே கெடையாதுலா" என்றார் தாசையா, சின்னக் குரலில்.

மறுநாள் விடிந்ததும் பதினாறு தாய்மாரும் தூளிகளை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பிள்ளைகளை மடியில் போட்டு வரப்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சந்தனமாரி வெறும் மடியோடு நடுவில் உட்கார்ந்தாள். உப்பு முற்றி வார வேண்டிய நாள்கள் அவை. வாராவிட்டால் பாத்தியில் பாறையாக இறுகிவிடும். கோஷம் இல்லை, கொடி இல்லை, பிள்ளைகள் விழித்துவிடும் என்று பேச்சுக்கூட இல்லை. நாற்பது வருடம் கோஷம் போட்ட தாசையாவுக்கு வாய் சும்மா இருக்க முடியாமல் தாடை நடுங்கியது. "மூச்சு விடாதிய அண்ணாச்சி" என்று பெண்கள் சைகை காட்டினார்கள். ஒரு பிள்ளை உதட்டைப் பிதுக்கினால் உடனே பால். தாய்க்குப் பால் வற்றினால் அடுத்தவள் மார்பு. சந்தனமாரியின் மார்பில் பையனுக்கென்று ஊறிக்கொண்டேயிருந்த பாலை எஸ்தர் குடித்தாள், அவளை அணைத்துப் பிடித்திருந்த சந்தனமாரியின் கண்ணிலிருந்து நீர் விழுந்துகொண்டிருந்தது, அதையும் யாரும் துடைக்கவில்லை. ஒரு பிள்ளையையும் ஒரு நொடியும் அழ விடவில்லை. அழுகையை அவர்கள் நிறுத்தி வைத்தார்கள்.

அமலி ஊர் செத்தது போல் அமைதியாயிற்று. நாலாம் நாள் கிழவர்கள் கஞ்சி குடிப்பதை நிறுத்தினார்கள். ஆறாம் நாள் அங்கிருந்து கம்பெனிக்குப் போன் மேல் போன் வந்தது. எட்டாம் நாள் பாத்திகளில் உப்பு இறுகி, வெயிலில் வெடித்து, படீர் படீர் என்று சத்தம் கேட்டது. ஒன்பதாம் நாள் மேனேஜர் காகிதத்தோடு வந்தார்.

"குழந்தை அழுதாலும் அழாவிட்டாலும்னு போட்டிருக்கோம். போதுமா?"

"குழந்தைங்கிற வார்த்தைய எடுத்துருங்க" என்றாள் ஜெபக்கனி. "தாய் எழுந்தால் இருபது நிமிடம்னு எழுதுங்க. ஏன் எந்திரிச்சான்னு ஒருத்தனும் கேக்கக் கூடாது. தூளி பழையபடி உடைமரத்துக்கு வரணும். அமலிய ஊருக்கு அனுப்பக் கூடாது, போனையும் பூட்டக் கூடாது."

தாசையா பேனாவை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதைச் சந்தனமாரியிடம் நீட்டினார். எழுத்துக்கூட்டி எழுத அவளுக்கு வெகு நேரமாயிற்று, எல்லோரும் காத்திருந்தார்கள். மேனேஜரின் போனில் அந்தச் சீமாட்டி கேட்டாள், அவளோடு போனில் இருந்த துபாஷி சொன்னான்: "இனிமே பிள்ளைங்க அழுவாங்களான்னு கேட்கிறாங்க."

"பசிச்சா அழுவாங்க" என்றாள் ஜெபக்கனி. "நாங்க போயித் தூக்குற வரைக்கும் கேட்டுக்கிடச் சொல்லுங்க."

குரல் திரும்பவில்லை. அதை எந்த ஷரத்தில் எழுதி வாங்குவது என்று தாசையாவுக்கும் தெரியவில்லை.

தை மாதம் ஒரு காலையில் ஜெபக்கனி பாத்தியிலிருந்து எழுந்து மரத்தடிக்கு வந்தபோது, எஸ்தர் தூளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்தாள். அழவில்லை. உதடு இரண்டும் சேர்ந்தன, பிரிந்தன. மறுபடி சேர்ந்தன, பிரிந்தன. இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது.

"மதினி," என்றாள் அமலி. "மதினி, எஸ்தர் அம்மான்னு கூப்பிட்டா. இப்பதான். ரெண்டு தடவ கூப்பிட்டா. தொண்ணூறு வயசுக் கெழவியெல்லாம் நாற்காலியப் பிடிச்சுட்டு எந்திரிக்கப் பாக்கா மதினி."

தூரத்தில் பாலவேசம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஏன் எழுந்தாய் என்று கேட்காமல் திரும்பிக்கொண்டான்.

"நீ என்ன சொன்ன?" என்றாள் ஜெபக்கனி.

"நான் என்ன சொல்ல? என்னையா கூப்பிட்டா?"

"ஏட்டி, பிள்ள கூப்பிட்டா பதில் சொல்லணும்லா! சும்மாவா நிப்ப? இந்தா வந்துட்டேன்னு சொல்லு. சத்தமாச் சொல்லு."

அமலி அந்த ஊர்ச் சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் நின்று, இந்தா வந்துட்டேன் ஆத்தா என்று உரக்கச் சொன்னது போனில் கேட்டது. ஜெபக்கனி குனிந்து பிள்ளையைத் தூக்கி முகத்தோடு முகம் சேர்த்துக்கொண்டாள். எஸ்தரின் உதடுகள் அவள் கன்னத்தின் மேல் ஒரு தடவை சேர்ந்து பிரிந்தன. அந்தச் சொல்லின் சூடு மட்டும் அவளுக்குக் கிடைத்தது.